பட்டறை அறுபது, நாள் ஒன்று: திறந்தவெளி கைவினை அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பழைய காலத்துப் பட்டறைகளை அப்படியே வைத்திருக்கும் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். எட்டு வயது மகனும், முழங்கால் வலியுள்ள மாமியாரும் கூட வருகிறார்கள். கையில் ஒரே நாள்தான். வரைபடத்தில் ஐம்பது, அறுபது பட்டறைகள் இருக்கின்றன. முன்பு இதுபோன்ற வேறோர் இடத்துக்குப் போனபோது நாள் முழுக்க நடந்தும் பூட்டிக் கிடந்த கட்டடங்களைத்தான் அதிகம் பார்த்தோம். இந்த முறை எப்படித் திட்டமிடலாம்?

பதில்: அறுபதையும் பார்த்துவிடும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் ஹாகன் நகரத்தை ஒட்டிய கைவினை அருங்காட்சியகம் ஒரு பள்ளத்தாக்கு நெடுக ஏறக்குறைய 42 ஹெக்டேரில் கிடக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாலன்பெர்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். பட்டறைக்கு ஐந்து நிமிடம் என்று ஓடினால் கால் வலிதான் மிஞ்சும், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் எந்தப் பட்டறையும் எதையும் காட்டிவிடாது. மூன்று பட்டறை போதும். அந்த மூன்றிலும் ஒரு பொருள் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை நின்று பாருங்கள்.

போன முறை கதவுகள் பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் எளிது. கட்டடங்கள் அதிகம், வேலை தெரிந்த கைகள் குறைவு. பல இடங்களில் ஒரே கைவினைஞர் காலையில் ஒரு பட்டறையிலும் மாலையில் இன்னொன்றிலும் இருப்பார். எந்தப் பட்டறையில் எப்போது வேலை நடக்கும் என்ற அன்றைய பட்டியல் பெரும்பாலும் நுழைவாயிலிலேயே இருக்கும். வரைபடத்தைக் கையில் வாங்கும் முன் அதைப் பாருங்கள். இன்னும் நல்லது, ஒரு வாரம் முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது. "திறந்திருக்குமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று ஒற்றை வரியில் பதில் வரும். "அன்றைக்கு எந்தெந்த உலை எரியும், எந்த நீர்ச்சக்கரம் ஓடும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் கிடைக்கும். குளிர் நாடுகளில் இருக்கும் இத்தகைய இடங்கள் பல குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த மூன்று? என்னைக் கேட்டால், தீ ஒன்று, தண்ணீர் ஒன்று, அமைதியான கைவேலை ஒன்று.

தீ என்றால் கொல்லுப்பட்டறை. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், மாமியாருக்கு இது முக்கியம். அந்த இருட்டு கஞ்சத்தனத்தால் வந்ததில்லை. இரும்பின் சூட்டைக் கொல்லர் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறார். சுமார் 700 டிகிரியில் மங்கிய சிவப்பு, 900க்கு மேல் ஆரஞ்சு, 1100ஐ நெருங்கும்போது மஞ்சள். இரண்டு துண்டுகளை ஒன்றாகப் பற்றவைக்க வேண்டுமானால் ஏறக்குறைய வெண்மை வரை போக வேண்டும். இன்னும் கொஞ்சம் தாண்டினால் இரும்பே பொரிப்பொரியாகப் பொறி கக்கி எரியத் தொடங்கும், துண்டு வீண். நல்ல வெயில் உள்ளே விழுந்தால் இந்த நிற வேறுபாடுகள் தெரியாது. மகனிடம் இதைச் சொல்லி, "இப்போது என்ன நிறம்? அடிக்கலாமா, திரும்ப உலையில் வைக்க வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். சில முறையிலேயே கொல்லர் வைப்பதற்கு முன் பையன் சொல்லிவிடுவான்.

கேள்வி கேட்பதற்கும் அங்கே நேரம் உண்டு. இரும்பு உலைக்கு வெளியே இருக்கும்போது வாய் திறக்காதீர்கள். சின்னத் துண்டென்றால் சில விநாடிகளில் ஆறிவிடும், ஆறிய இரும்பை அடித்தால் வெடிப்பு விழும். துண்டு உலைக்குள் போனதும் அவருக்கும் கொஞ்சம் ஓய்வு. அப்போது கேளுங்கள். "இது எத்தனை வருடப் பழமை?" என்பது அவர் தினமும் கேட்டுச் சலித்த கேள்வி. "இதில் எந்தக் கருவி நீங்களே செய்தது?", "இந்த வேலையில் எது அடிக்கடி தப்பிப்போகும்?" இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். இடுக்கியை எடுத்துக் காட்டி அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

தண்ணீர் என்றால், நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெரிய சம்மட்டி இருந்தால் அதை விடாதீர்கள். சக்கரத்தின் அச்சாக ஒரு முழு மரத்தண்டு சுழலும். அதில் துருத்திக்கொண்டிருக்கும் முளைகள் சம்மட்டிக் காம்பின் வாலைக் கீழே அழுத்தும், மறுமுனையில் தலை எழும்பி விழும். மதகைக் கூடுதலாகத் திறந்தால் அடி வேகமாகும், குறைத்தால் மெதுவாகும். கொல்லரின் கண் இரும்பில் இருக்கும், ஒரு கை மதகுக் கோலை நாடும். இதை எந்நேரமும் ஓட்ட மாட்டார்கள். குளத்தில் தேங்கிய நீர் தீர்ந்தால் மறுபடி நிரம்ப நேரமாகும் என்பதால் பல இடங்களில் குறித்த நேரத்தில் மட்டுமே ஓடும். உங்கள் நாளின் ஆணி இந்த நேரம்தான், மற்றதை இதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். சத்தம் காதைப் பிளக்கும். பையனுக்கும் மாமியாருக்கும் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

மூன்றாவதற்கு என் தேர்வு கைக்காகிதம். தொட்டியில் கூழ் கலந்த நீர் பால் போல இருக்கும். கம்பி வலை கட்டிய சட்டத்தை அதில் முக்கி, கிடையாக எடுத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லேசாக உலுக்குவார்கள். பார்க்க ஏதோ பழக்கதோஷம் போலத் தெரியும். உண்மையில் தாளின் பலமே அந்த உலுக்கலில்தான் இருக்கிறது. நார்கள் ஒரே திசையில் படியாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்வது அப்போதுதான். நீர் வடிந்துவிட்டால் உலுக்கியும் பயனில்லை, எனவே எல்லாம் சில விநாடிகளுக்குள் நடந்தாக வேண்டும். அந்த வலையில் மெல்லிய கம்பியால் தைத்த உருவம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் கூழ் மெலிதாகப் படியும். தாள் காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்தால் அதே உருவம் நீர்க்குறியாகத் தெரியும்.

காகிதம் இல்லையென்றால் கயிறு திரிக்கும் இடம். நூலை ஒரு பக்கமாக முறுக்கி, பல நூல் சேர்ந்த புரியை எதிர்ப்பக்கமாக முறுக்குவதால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கயிறு பிரியாமல் நிற்கிறது. முறுக்க முறுக்க நீளம் குறையும், தோராயமாக மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கயிற்றுச்சாலைகள் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல இடங்களில் குழந்தைகளையே கைப்பிடியைச் சுற்ற விடுவார்கள், கயிறு கையோடு வீட்டுக்கும் வரும். அச்சகத்தில் எழுத்துக் கோக்க விட்டால் அதுவும் நல்லதுதான். ஆனால் அந்த எழுத்துகளில் ஈயம் கலந்திருக்கும், சாப்பிடுவதற்கு முன் பையன் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். குழந்தைகள் தாமே செய்து பார்க்கும் வேலைகளுக்கு வயது வரம்பும் முன்பதிவும் இருக்கலாம், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

மாமியார் விஷயம். இத்தகைய இடங்களில் பாதை சமமாக இருக்காது. உருளைக்கல், சரளை, மேடு, உயரமான வாசற்படி எல்லாம் உண்டு, இடத்தின் இயல்பு அது. பள்ளத்தாக்கில் அமைந்த இடமென்றால் தெம்பு இருக்கும்போதே மேல்முனைவரை போய்விட்டு, இறங்கிக்கொண்டே பாருங்கள். உள்ளே வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். நெதர்லாந்தில் ஆர்னெம் அருங்காட்சியகத்துக்குள் பழைய டிராம் ஓடுகிறது, ஏறி வேண்டிய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். சக்கர நாற்காலி வாங்கினால் பெரிய சக்கரம் உள்ளதாகக் கேளுங்கள், சின்னச் சக்கரம் சரளையில் புதைந்து தள்ளுபவரின் உயிரை எடுக்கும். நான் சொல்லும் இந்த "மூன்று பட்டறை" முறையில் அவருக்குப் பெரிய லாபம் ஒன்று உண்டு: நடை குறைவு, உட்கார்ந்து பார்க்கும் நேரம் அதிகம். பட்டறைக்குள் பெஞ்சு இல்லாவிட்டால் கேட்கத் தயங்க வேண்டாம், ஒரு முக்காலி எடுத்துப் போடுவார்கள்.

எல்லோருக்கும் மூடிய காலணி, பருத்தி உடை. பொறி பட்டால் செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டும்.

இடையில் நேரம் கிடைத்தால் கட்டடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆர்தர் ஹாசேலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியதிலிருந்தே, வேறிடங்களில் இருந்த கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்துவது இத்தகைய இடங்களின் வழக்கம். மரச்சட்டங்கள் சேரும் மூட்டுகளில் ரோமன் எண்கள் போன்ற கீறல்கள் தெரிந்தால் நின்று பாருங்கள். எந்த மரம் எதோடு சேர வேண்டும் என்று தச்சர்கள் போட்ட அடையாளம் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் சொந்த அபிப்பிராயம்: இந்தப் பட்டறைகள் பல உண்மையான பட்டறைகளைவிட அநியாயத்துக்குச் சுத்தமாக இருக்கின்றன. வேலை நடந்த இடமா, அலங்கரித்து வைத்த இடமா என்று தெரிய வேண்டுமானால் தரையைப் பாருங்கள். பட்டடைக்கல் முன்னால் ஆள் நிற்கும் இடத்தில் தேய்ந்த பள்ளம் இருக்க வேண்டும். மேசை விளிம்பில் சூட்டுத் தழும்புகள் இருக்க வேண்டும்.

படம் எடுப்பதென்றால் அனுமதி கேட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஃபிளாஷ் அடித்தால், சம்மட்டியை ஓங்கியிருக்கும் மனிதருக்கு அது ஆபத்து.

கடைசியாகக் கடை. அங்கே விற்பதெல்லாம் அங்கே செய்ததாக இருக்காது, எது எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். கண்முன் ஊதிய கண்ணாடிக் கிண்ணத்தை அன்றே தர மாட்டார்கள். அதைச் சூளையில் வைத்து மணிக்கணக்கில் மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே விரிசல் விடும். பச்சை மண்பானையும் காய்ந்து வெந்தால்தான் உண்டு. தபாலில் அனுப்புவார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கொல்லர் அடித்துக் கொடுக்கும் ஆணியோ கொக்கியோ அன்றே கிடைக்கும். ஆனால் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார், பையில் ஒரு பழைய துணி வைத்திருங்கள். கத்தி வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.