ரோடோடெண்ட்ரான் மஞ்சளாகிறதே!

கேள்வி: மரநிழல் தோட்டம் ஒன்றில் ரோடோடெண்ட்ரான் என்னும் பூப்புதர் ஆள் உயரத்துக்கு மேல் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு நட்டேன். இரண்டு வருடமாக வளர்ச்சியே இல்லை. தளிர் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். என்ன குறை?

பதில்: இது இரும்புச்சத்து எட்டாததன் அடையாளம். மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாக இருந்தால் அது கரையாது, வேருக்கும் கிடைக்காது. மண்ணின் அமில-காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 6-க்குள், அதாவது அமிலப் பக்கம், இருக்க வேண்டும். இரும்புக் கரைசலைத் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் மண் மாறாதவரை மறுபடி மஞ்சள்தான். மண்ணை அமிலமாக்கக் கந்தகத்தூள் போடுங்கள்; அது மண்ணை மாற்ற மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள். உப்புத் தண்ணீரையும் கடின நீரையும் நிறுத்திவிட்டு மழைநீர் ஊற்றுங்கள். சிமென்ட் சுவரை ஒட்டி நட்டிருந்தால் இடத்தையே மாற்றுங்கள். அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும்.

வளராததற்குப் பெரும்பாலும் ஆழமாக நட்டதுதான் காரணம். இதன் வேர்கள் தலைமுடிபோல மெல்லியவை, மேல்மண்ணிலேயே படர்பவை. மண்ணால் மூடினால் மூச்சுத் திணறிவிடும். பக்கவாட்டில் மெல்லத் தோண்டிப் பாருங்கள். வேர்க்கட்டி இன்னும் தொட்டி வடிவிலேயே இறுகியிருந்தால் வெளியே எடுத்து, நான்கு பக்கமும் கத்தியால் 2 செ.மீ. ஆழம் கீறி, வேரை விரலால் பிரித்துவிடுங்கள். கட்டியின் மேல்மட்டம் தரைக்குச் சமமாக வரட்டும்; களிமண் என்றால் 3 முதல் 5 செ.மீ. உயர்த்தியே வையுங்கள். மேலே 5 முதல் 8 செ.மீ. மட்கிய இலை அல்லது பைன் சருகு போடுங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. அங்கே மண்வெட்டியே வேண்டாம். களையைக் கையால் பிடுங்குவதுதான் நல்லது.

கேள்வி: எந்த மரத்தடி பொருந்தும்?

பதில்: ஓக், பைன். இரண்டின் வேரும் ஆழம் போகும், வெயில் சல்லடையாக இறங்கும். பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) மரத்தடியில் மேல்வேர்கள் தண்ணீரைப் பறித்துவிடும். கறுப்பு வால்நட் வேர் விடும் நச்சோ செடியையே வாட்டும். அழகுக்குத் துணைமரம் வேண்டுமென்றால் ஜப்பானிய மேப்பிளைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: இலையின் அடியில் பழுப்பு நிறத்தில் வெல்வெட் மாதிரி இருக்கிறது. நோயா?

பதில்: இல்லை. சில இனங்களுக்கு அந்த ரோமப் போர்வை பிறவியிலேயே உண்டு, அதைத் துடைக்கவே துடைக்காதீர்கள். துரு நோய் வேறு: இலையடியில் ஆரஞ்சுப் பொடி விரலில் ஒட்டும், மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரியும். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியிலேயே ஊற்றுங்கள்.