மழைக்காலத் தள்ளுபடியை நம்பி முழுப் பணம் கட்டலாமா?

கேள்வி: நவம்பரில் வயதான அம்மாவுடன் தரங்கம்பாடியில் மூன்று நாள் ஓய்வாகத் தங்க நினைக்கிறேன். ஒரு விடுதியில் 40 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் முழு வாடகையையும் இப்போதே கட்ட வேண்டும், ரத்து செய்தால் ஒரு ரூபாயும் திரும்பாது என்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: இந்த நிபந்தனையோடு கட்டாதீர்கள். நவம்பர், அந்தக் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதம். 2018-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நவம்பர் 16 அன்றுதான். புயல் எச்சரிக்கை வந்தால் நீங்கள் கிளம்ப முடியாது. விடுதிக்கோ பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. தள்ளுபடி பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, எச்சரிக்கை வந்தால் வேறு தேதி தருவதாக வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

இன்னும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். கூட்டமில்லாத நாளில் சமையலறை இயங்குமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, மின்விசிறி மட்டும்தானா? கடலோரத்தில் பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் மெத்தை ஈரம் கோத்திருக்கும், உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கி துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தரைத்தள அறையே நல்லது.

தேதியை மாற்ற முடியுமென்றால் ஜூலையின் வார நாட்களைத்தான் நான் சொல்வேன். பள்ளிகள் திறந்திருக்கும், ஊர் அமைதியாக இருக்கும். ஜூன் 14-உடன் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் முடிந்திருக்கும் என்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. நடுப்பகல் வெயிலை அறைக்குள் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மட்டும் வேண்டாம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகச் சுற்றுவட்டார அறைகளெல்லாம் நிரம்பிவிடும்.

ஊர் சுற்றிக் காட்டக் கார் என்று தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். 1620-இல் எழுந்த டேனியக் கோட்டை, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் எல்லாமே நடை தூரம்தான்.

பில்லையும் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பழைய 12 சதவீதத்தைப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.