மதுரையிலிருந்து லண்டன்: இரண்டரை மணி நேர இடைவெளி போதுமா?

வணக்கம். மதுரை–சென்னை, சென்னை–லண்டன் என்று தனித்தனியாகப் பயணச்சீட்டு எடுத்து, உசிலம்பட்டியிலிருந்து முதன்முறையாக வெளிநாடு செல்லும் உங்கள் தாயாரை இரண்டரை மணி நேர இடைவெளியில் விமானம் மாற வைக்கலாமா, சென்னையில் புதிய முனையம் வந்துவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்த முனையம் நெரிசலைக் குறைக்கலாமே தவிர, தனித்தனிச் சீட்டுக்குரிய நடைமுறையைக் குறைக்காது. அவர் உள்நாட்டு முனையத்தில் இறங்கி, பெட்டிக்காகக் காத்திருந்து எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, பன்னாட்டு முனையத்துக்குள் புதிய பயணியைப் போல நுழைந்து, பெட்டியை மறுபடி ஒப்படைத்த பிறகே குடியகல்வு (கடவுச்சீட்டுச் சோதனை) வரிசைக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் செல்ல முடியும். பெட்டி பெறும் கவுன்டரோ பெரும்பாலும் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். மதுரை விமானம் முக்கால் மணி நேரம் தாமதித்தால் கணக்கு முடிந்தது.

கொழும்பு வழியாக ஒரே சீட்டாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். குடியகல்வு மதுரையிலேயே முடிந்துவிடும், பெட்டி லண்டனில் கிடைக்கும், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் அவர் வெளியே வராமல் உள்ளேயே அடுத்த வாயிலுக்குச் செல்லலாம். பெட்டியின் ஒட்டுச்சீட்டில் லண்டன் என்று இருக்கிறதா என்பதை மதுரை கவுன்டரிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் (எப்படியும் கொடுத்தனுப்புவார்கள்) கைப்பையில் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிட்டால், கொழும்பில் வாயில் வரை ஊழியரே அழைத்துச் செல்வார்.