செயலைச் சொன்னால் போதுமா?

கேள்வி: மாங்கூழ் ஆலைக்கு வரும் பெங்களூரா மாம்பழங்களைப் படமெடுத்துத் தரம் பிரிக்கும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறேன். காப்புரிமை விண்ணப்பத்தில் ‘பழுத்த அளவைக் கணிக்கும் பகுதி’ என்று எழுதினால் போதுமா?
– வாசகர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: போதாது. அது செயலின் பெயர்தானே தவிர, செய்யும் வழி அன்று. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு, கண்டுபிடிப்பையும் அதைச் செயல்படுத்தும் முறையையும் முழுமையாக விவரிப்பதோடு, விண்ணப்பதாரர் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த முறையையும் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. ஆகவே தோலின் நிறம், புள்ளிகள் என எவற்றை அளந்து, எந்தப் படிகளின் வழியே மென்பொருள் முடிவுக்கு வருகிறது என்பதை, அத்துறையில் தேர்ந்த ஒருவர் படித்துத் தாமே அமைத்துக்கொள்ளும் அளவுக்கு எழுதுங்கள். அமெரிக்காவிலும், பொதுப் பயன்பாட்டுக் கணினியின் செயலை மட்டும் உரிமைகோரி, அதற்கான படிமுறையை (அல்காரிதம்) சொல்லாத காப்புரிமைக் கோரிக்கை தெளிவற்றதாகையால் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2008-இல் தீர்ப்பளித்தது.

படிமுறையை வெளியிட்டால் போட்டியாளர் அறிந்துகொள்வாரே என்ற தயக்கம் இயல்பே. ஆனால் வெளிப்படுத்துவதுதான் காப்புரிமைக்குத் தரும் விலை. விடுபட்டதைப் பிறகு சேர்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம், முதலில் வெளிப்படுத்தாத புதிய விஷயத்தைத் திருத்தமாகப் புகுத்த நம் காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் முன்பாக, கணினி நிரலை அதன் அளவில் கண்டுபிடிப்பாக ஏற்காத 3(கே) பிரிவையும் உங்கள் மென்பொருள் கடந்தாக வேண்டும்.