மூன்றாம் நாள் ஆன்டிபயாட்டிக்கை ஏன் மாற்றுகிறார்கள்?

வண்ணாரப்பேட்டையில் அம்மாவை அட்மிட் செய்திருக்கிறோம், முதல் நாள் போட்ட பெரிய ஊசியை மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு வேறு சாதாரண மருந்து கொடுக்கிறார்கள், கவனிப்பு குறைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, அதுதான் நல்ல வைத்தியம்.

எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்கிற நிலையில், முதலில் பலவகைக் கிருமிகளை அடிக்கும் மருந்தைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே எடுத்த ரத்தத்தையோ சிறுநீரையோ கல்ச்சருக்கு அனுப்பியிருப்பார்கள், அதில் கிருமி வளர்ந்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், ரிப்போர்ட் வந்ததும் அந்தக் கிருமிக்குப் போதுமான மருந்துக்கு இறங்கிவிடுவார்கள். மெரோபெனம் மாதிரி பலவகைக் கிருமிகளை அடிக்கும் பெரிய மருந்தைத் தேவையில்லாமல் நீட்டினால் குடலில் அதற்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும், கை கழுவாதவர்கள் வழியாகப் பக்கத்துக் கட்டிலுக்கும் போகும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

2012-ல் மருத்துவ சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாட்டிக்கைத் தேவைக்கு மேல் கொடுக்காத இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டது. 2014 மார்ச்சிலிருந்து, மெரோபெனம் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள் அடங்கிய அரசின் எச்1 பட்டியல் மருந்துகளைக் கடைகளில் டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

சரி, நீங்கள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கல்ச்சரில் என்ன வந்தது, இன்னும் எத்தனை நாள் மருந்து?