பின்னங்காலில் கயிறு பட்டால் உதைக்கிறது: ஜொகூருக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்காக நான்கு வயதுக் குதிரை ஒன்றை வாங்கினோம். நியூசிலாந்தில் பிறந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்), காயடித்தது. சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் சில பந்தயங்கள் ஓடியிருக்கிறது. ஒற்றைக் கயிற்றில் ஒழுங்காக வட்டமடிக்கிறது. இரண்டு கயிறு போட்டுப் பின்னால் நடந்தபடி ஓட்டும் லாங் லைனிங் செய்தால், வெளிப்பக்கக் கயிறு பின்னங்காலில் பட்டதுமே உதைத்துவிட்டு ஓடுகிறது. வாங்கிக்கொடுத்த ஏஜென்ட், "இது பிடிவாதம், ஜொகூருக்கு அனுப்புங்கள், இரண்டு வாரத்தில் சரிசெய்து தருகிறேன்" என்கிறார். அனுப்பலாமா? (வாசகி, சுவா சூ காங்)

பதில்: அனுப்பாதீர்கள். பிடிவாதம் என்று அவர் சொல்வதையும் நம்பாதீர்கள்.

குதிரைக்கு வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காலைச் சுற்றினால் உதைத்துவிட்டு ஓடுவது அதன் பிறவிக் குணம். உதைத்தவுடன் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் கயிற்றைத் தளர்த்திவிடுவீர்கள், அல்லது அது கையை விட்டுப் போய்விடும். உதைத்தால் கயிறு போய்விடும் என்று குதிரை அங்கேயே கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாக உதைக்கும்.

ஓடும்போது இரண்டு கயிற்றையும் பிடித்து இழுப்பீர்கள் என்றால் அதுவும் தவறு. பந்தயத்தில் ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கும்போது குதிரை அந்தப் பிடியின் மேல் சாய்ந்து வேகமெடுக்கப் பழகியிருக்கிறது. நீங்கள் இழுக்க இழுக்க அது ஓடும். வெளிக்கயிற்றை விட்டுக்கொடுத்து, உள்கயிற்றால் வட்டத்தை மெல்லச் சிறிதாக்கி, குரல் கொடுத்து நிறுத்துங்கள்.

கயிற்றை மறுபடி கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். இதை மட்டும் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பந்தயக் குதிரைக்கு ஆள் ஏறுவதற்கு முன்னரே இரட்டைக் கயிறு பழக்கிவிடுவது சாதாரணம். உங்கள் குதிரையும் இதை ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும். பார்த்த குதிரை இப்போது உதைக்கிறது என்றால் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கயிறு எதுவும் இல்லாமல், தோளிலிருந்து தொடங்கி விலா, இடுப்பு, தொடை வழியாகப் பின்னங்கால் முட்டி வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையை எடுக்காமல், ஒரே அழுத்தத்தில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? முதுகில் ஓர் இடத்தில் தோல் சுருங்கி, தலை சட்டென்று உயர்கிறதா? லாடம் அடிப்பவர் இடது பின்னங்காலைத் தூக்கினால் அமைதியாக நின்று, வலது காலை மட்டும் பிடுங்கிக்கொள்கிறதா? ஒரு பக்கம் மட்டும் உதைக்கும் குதிரைக்கும் இருபக்கமும் உதைக்கும் குதிரைக்கும் வைத்தியம் வேறு. ஒரு பக்கம் மட்டும் என்றால், அல்லது வெறும் கைக்கே உதைக்கிறது என்றால், பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதுகும் பின்னங்கால்களும் முழுதாகப் பார்க்கப்பட வேண்டும். வலியோடு பழக்கிய குதிரை ஒரு நாள் உங்கள் மகளைக் கீழே தள்ளும். அன்றைக்கும் பழி குதிரை மேல்தான் விழும்.

அந்த மருத்துவர் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும், ஏஜென்ட் அழைத்துவருபவராக அல்ல. வாங்குமுன் சோதனை செய்தவரும் அவருடைய ஆள்தான் என்றால் அந்தச் சோதனையைக் கணக்கில் எடுக்காதீர்கள். கழுத்தில் உள்ள சிப்பைப் படிக்கச் சொல்லி, குதிரையின் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காட்டிய அன்று சாதுவாக நின்ற குதிரை, வீட்டுக்கு வந்த வாரமே ஆளை உதைக்கிறது என்றால், அன்று அதற்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்களா என்ற கேள்வியும் எழும். அடுத்த முறை வாங்கும்போது ரத்த மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

ஜொகூர் யோசனை எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணம், திரும்பி வருவது. பாலத்தைத் தாண்டிக் குதிரையைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் இரு நாட்டு அனுமதியும் சுகாதாரச் சான்றும் வேண்டும். இந்த வேலையையும் பணம் வாங்கிக்கொண்டு அதே ஏஜென்ட்தான் செய்வார். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. இரண்டு வாரத்தில் பயத்தைப் போக்க முடியாது, பயத்தை அடக்கத்தான் முடியும். சைடு ரெய்னை, அதாவது வாயிலிருந்து விலாப்பக்கம் கட்டும் வாரை, இறுக்கிக் கட்டி ஓடவிடுவார்கள். பயந்த குதிரை தலையை நீட்ட முடியாமல் பின்னங்காலில் எழுந்து மல்லாந்து விழும் ஆபத்து அதில் உண்டு.

வலி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? இனி நீங்களே செய்யலாம். குதிரையின் தலைப்பக்கம் ஒருவர் நிற்கட்டும். நீங்கள் தோளருகே நின்று, மெத்தென்ற பருத்திக் கயிற்றை இடுப்பின் மேல் போட்டுத் தொடை வழியாக மெல்லச் சரியவிடுங்கள். கால் தூக்கினால் கயிற்றை எடுக்காதீர்கள். அடிக்கவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். கால் தரையில் ஊன்றி, காது தளர்ந்து, வாயை மெல்லும் அந்த நொடியில் எடுங்கள். கற்றுக்கொள்வது அந்த நொடியில்தான். பின் இன்னும் கொஞ்சம் கீழே. முட்டிக்குக் கீழே போனாலும் நிற்கிறது என்றால் அதே வேலையை நடக்கும்போது செய்யுங்கள்.

அதன் பிறகுதான் ரோலரும் (வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை) இரண்டு கயிறுகளும். ஒவ்வொன்றும் எட்டு மீட்டராவது இருக்கட்டும். முதலில் வெளிக்கயிறு முதுகின் மேலாகவே உங்கள் கைக்கு வரட்டும். சில நாள் கழித்து மெல்லப் பின்பக்கமாக இறக்குங்கள். கயிற்றை மூக்கின் மேல் வரும் பட்டையான கேவசனில் மாட்டுங்கள், வாய்க்குள் போகும் பிட்டில் அல்ல. நான்கு வயதில் பால்பற்கள் இன்னும் விழுந்துகொண்டிருக்கும், வாய் வலிக்கும். கையுறை, ஹெல்மெட் போடாமல் தொடக்கூடாது. கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. சுமார் 500 கிலோ எடையுள்ள பிராணி ஓடினால் விரல் போய்விடும். நேர் பின்னால் நடக்காமல் சற்று உள்பக்கமாக நடங்கள்.

பதினைந்து நிமிடம் போதும். காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள், நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் குதிரையைச் சீக்கிரம் சோர்வடையச் செய்யும். வேலை செய்தும் வியர்க்காமல் மூச்சு வாங்குகிறது என்றால் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரினா (பயிற்சித் திடல்) கிடைக்காது என்பீர்கள். தெரியும். காலை நேரமெல்லாம் சவாரி வகுப்புகளுக்குப் போய்விடுகிறது. தரையில் நின்று குதிரையைப் பழக்குபவரை வேலை இல்லாதவர் போலப் பார்க்கிறார்கள். இந்த நகரில் 1843இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி முடிந்தது. குதிரைகளை எங்கே அனுப்புவது என்று பேசினார்கள். அவற்றைத் தினமும் கையில் பிடித்து நடந்த சைஸ்களின் (குதிரைப் பராமரிப்பாளர்களின்) அனுபவத்தை யார் வாங்கி வைத்துக்கொண்டார்கள்? உங்கள் லாயத்தில் கிராஞ்சியில் வேலை பார்த்த சைஸ் ஒருவர் இருந்தால், அவர் தமிழ் பேசுபவராகவும் இருந்தால், அண்ணே என்று கூப்பிட்டுத் தலைப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். குரலுக்கு மட்டும் நின்று, இரு பக்கமும் கயிறு பட்டுத் திரும்பி நடக்கும் நிலை வந்த பிறகே மகளை ஏற்றுங்கள். முதல் முறை ஏறும்போதும் தலைப்பக்கம் அவரே நிற்கட்டும்.