நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பு இளைஞர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் அதில் யாருமே இல்லை. எனக்கு 63, என் துணைவருக்கு 71. சிம்மக்கல் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே வீடு. தெருவுக்கு நாங்கள் அண்ணன் தம்பி. போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி. மருத்துவமனைப் படிவத்தில் உறவுமுறை கேட்ட இடத்தில் ‘தம்பி’ என்று எழுதினேன். “இனிஷியல் வேற இருக்கே?” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். “சித்தப்பா பையன்” என்றேன். ஸ்டென்ட் வைக்க ரத்த சொந்தம் கையெழுத்து வேண்டுமென்று, திருமங்கலத்திலிருந்து அவருடைய அக்கா மகன் வரும்வரை காத்திருந்தார்கள். பணம் கட்டியது நான். எங்களைப் போன்றவர்களுக்கு அரசு தனி முதியோர் இல்லம் கட்டக்கூடாதா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அவர் தேறி வருகிறார் என்று நம்புகிறேன்.

தனி இல்லத்துக்கு நான் எதிரி இல்லை. பெர்லினில் 2012 முதல் அப்படியொரு குடியிருப்பு இருக்கிறது. ஆனால் இல்லம் இல்லாததால் வந்த கஷ்டம் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லையே. வீடு இருக்கிறது, பழகிய தெரு இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்த ஆளுக்கு எந்தக் காகிதத்திலும் இடமில்லை, அதுதான் பிரச்சினை. அரசிடம் கேட்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

முதலில் கையெழுத்து. நினைவோடு இருக்கும் நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். ரத்த சொந்தம்தான் வேண்டும் என்பது, நாளை வம்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனைகள் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம். தனக்கு முடியாமல் போனால் யாரைக் கேட்க வேண்டும் என்று அவரே எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு இதய மருத்துவரின் ஃபைலில் ஒரு பிரதி வைத்துவிடட்டும். அது யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் ராத்திரி டியூட்டி டாக்டருக்கு ஒரு பிடிமானம்.

2024-ல் மத்திய அரசு சில விளக்கங்கள் கொடுத்தது. உங்களைப் போல் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரே ரேஷன் அட்டையில் இருக்கலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரையொருவர் நாமினி ஆக்கலாம். இறந்தவர் உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யும்படியும் மாநிலங்களுக்கு எழுதினார்கள், நெருங்கிய சொந்தம் இல்லாத பட்சத்தில். உங்கள் விஷயத்தில்தான் திருமங்கலத்து மருமகன் இருக்கிறாரே! தத்தனேரி மயானத்துக்கு எடுத்துப்போகும் நாளிலும் நீங்கள் சித்தப்பா பையன்தான்.

நாமினி ஆகிவிட்டால் பணம் உங்களுக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். வங்கியில் வாங்கி வாரிசிடம் ஒப்படைக்க வேண்டியவர்தான் நாமினி. ஆகவே இருவரும் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். வீட்டை இப்போதே உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் செய்யலாமே என்றால், அங்கே ஒரு அநியாயம். தகப்பன் மகனுக்கு எழுதினால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. அவர் உங்களுக்கு எழுதினால் வெளியாள் கணக்கு, 7 சதவீதம். குடும்பம் என்பதற்குப் பத்திரப்பதிவில் உள்ள விளக்கத்தை விரிக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, கோட்டையே செய்யலாம்.

இது ஆகாத காரியமும் இல்லை. வீட்டாருக்குப் பயந்து சென்னைக்குப் போன மதுரைப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில்தான் 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு தரச் சொன்ன பேர்பெற்ற உத்தரவு வந்தது. அதே வழக்கில் 2023-ல், சேர்ந்து வாழ்பவர்கள் தங்களைக் குடும்பமாகப் பதிவு செய்துகொள்ள ஒரு ஒப்பந்த முறை கொண்டுவரலாமே என்று தமிழக அரசிடம் சொன்னார். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. ஆனால் 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட கொள்கை திருநர்களுக்கானது. அதில் உங்கள் இருவருக்கும் இடமில்லை.

திருநங்கையருக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை, அது போதவும் போதாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆதரவற்ற திருநங்கைக்கு 40 வயதிலேயே மாத உதவித்தொகை, இப்போது 1,500 ரூபாய். அறுபது வரை காத்திருக்கச் சொல்லவில்லை. அவர்கள் வாழ்க்கை வேறு கணக்கு என்று எந்த அதிகாரிக்கோ உறைத்திருக்கிறது. அப்புறம், அவர்களுடைய சொந்த ஏற்பாடு. மூத்த திருநங்கை ஒருவரை அம்மாவாக ஏற்று மகளாக வந்து சேர்ந்தவர்கள், வயதான அந்த அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்க்கிறார்கள். எல்லா அம்மாவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை என்பதும் உண்மை. பார்க்கிற மகளும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்பது இனிஷியலைத்தான். நீங்களும் அவர்களும் சேர்ந்தே இந்தப் பதிவு முறையைக் கேட்கலாம்.

கடைசியாக, அந்த மருமகன். கூப்பிட்டதும் ஓடி வந்தவர், எதிராளியாக்கிவிடாதீர்கள். உயில் இருக்கிறது, வீடு யாருக்கு என்பதை அவரிடம் உங்கள் நண்பரே இப்போதே சொல்லிவிடட்டும். மற்றதை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இருவர் பாடு. வக்கீல் தேவையென்றால் எழுதுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார், கேள்வி கேட்டுத் துளைக்க மாட்டார்.